மிளகாய் விதைக்குள் உயிரணுப் பிரிவு எப்போது தொடங்குகிறது: ப்ரைமிங் செய்த விதைகளை எண்ணிப் பார்த்த பதிவு

ப்ரைமிங் செய்த, அதாவது விதைக்கும் முன் அளவாக ஊற வைத்துத் திரும்பக் காய வைத்த மிளகாய் விதை சீக்கிரம் முளைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், ப்ரைமிங் செய்ததையும் செய்யாததையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் போட்டால் கண்ணுக்கே தெரிகிறது. அங்கே கத்திரிக்காய்ப் பாத்தி வைத்திருக்கும் அக்கா கேட்டது அதற்கு அடுத்த கேள்வி: "ஊற வச்சுத் திரும்பக் காய வைக்கிறீங்களே தம்பி, அந்த நேரத்துல உள்ளுக்குள்ள செல்லெல்லாம் பிரிஞ்சு பெருகிடுதா? அதனாலதான் சீக்கிரம் வருதா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ப்ரைமிங் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் "உயிரணுப் பிரிவு தூண்டப்படுகிறது" என்று ஒரு வரி வந்துவிடும். எண்ணிப் பார்த்துச் சொல்பவர்கள் குறைவு. நான் ஒரு கல்விக்கூடத்தின் உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நுண்ணோக்கியும் அமிலமும் சாயமும் அங்கே உண்டு. அனுமதி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் எண்ணத் தொடங்கினேன். விதை காய்வது வீட்டில், அமிலமும் சாயமும் ஆய்வகத்தின் புகைபோக்கிப் பெட்டிக்குள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

முதலில் பின்னணி. விதை நீர் குடிப்பது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் வேகமாக உறிஞ்சும். இரண்டாவதில் எடை அவ்வளவாக ஏறாது, ஆனால் உள்ளே எல்லா வேலையும் நடக்கும். மூன்றாவதில் முளைவேர் வெளியே வந்து மறுபடி நீர் ஏறும். விதையை இரண்டாவது கட்டத்திலேயே பிடித்து நிறுத்தி, வேர் வராமல் பார்த்துக்கொண்டு, திரும்பக் காய வைப்பதுதான் ப்ரைமிங். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கரும் அவருடைய குழுவினரும் 1973-இல் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். இந்தச் சேர்மத்தின் மூலக்கூறு பெரிது, செல்லுக்குள் நுழையாது. கரைசலில் இருக்கும் நீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விதை எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை போடும்.

அந்த எல்லையை எங்கே போடுவது என்பதில் சிங்கப்பூரின் வெப்பம் குறுக்கே வருகிறது. பல செய்முறைகளில் "லிட்டருக்கு 273 கிராம்" என்றோ "296 கிராம்" என்றோ எழுதியிருக்கும், எந்த வெப்பநிலைக்கு என்று இருக்காது. மிஷெல், காஃப்மன் இருவரும் அதே 1973-இல் வெளியிட்ட சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கிளைக்கால் 6000-ஐ ஒரு கிலோ நீரில் 273 கிராம் கரைத்தால் 15 டிகிரியில் நீரைப் பிடித்து வைக்கும் இழுவை −1.0 மெகாபாஸ்கல் கிடைக்கும். அதே −1.0 வேண்டுமென்றால் 25 டிகிரியில் 296 கிராம் போட வேண்டும், 30 டிகிரியில் ஏறத்தாழ 308. குளிர்சாதனம் போடாத என் அறை பகலில் 31 வரை போகிறது, விடியற்காலையில் 27. அங்கே 296 கிராம் கரைசலை வைத்தால் அதன் இழுவை −0.97-க்கும் −0.91-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். மிளகாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை. பிடி தளர்ந்தால் சில விதைகள் கரைசலுக்குள்ளேயே முளைத்துவிடும், அப்புறம் அவற்றைக் காய வைத்தால் செத்துப்போகும். அதனால் ப்ரைமிங் நடக்கும் நாட்களுக்கு மட்டும் ஆய்வகத்தின் 25 டிகிரி இன்குபேட்டரில் ஒரு தட்டு இடம் கேட்டு வாங்கினேன். வீட்டிலேயே செய்பவர்கள் தங்கள் அறையின் சராசரி வெப்பநிலைக்குச் சரியான அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து டிகிரிக்கு ஏறத்தாழ 12 கிராம் வித்தியாசம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கரைசல் பாகு போல இருப்பதால் அதில் உயிர்வாயு நன்றாகக் கரையாது. மீன்தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றை இணைத்தேன். பம்பிலிருந்து வரும் காற்று நேராகக் கரைசலுக்குள் போனால் நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும், அதனால் நடுவில் ஒரு நீர்ப்புட்டி வைத்து அதன் வழியாக விட்டேன். விதைகளை முன்னதாகவே நீர்த்த வீட்டு ப்ளீச்சில் பத்து நிமிடம் போட்டு அலசி எடுத்திருந்தேன். இந்த ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஒப்பிட மூன்று கூட்டம்: எதுவும் செய்யாத விதை, வெறும் நீரில் சிறிது நேரம் ஊறிக் காய்ந்த விதை, கரைசலில் பல நாள் இருந்து காய்ந்த விதை. மூன்றும் ஒரே பொட்டலம்.

காய வைப்பது

இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, ஆனால் இந்த ஊரில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேலே நிற்கும் இடத்தில், மின்விசிறிக்கு அடியில் விதையை எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் அது பழைய எடைக்குத் திரும்பாது. சுற்றிலும் உள்ள காற்றோடு சமநிலைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கும்.

இங்கே புகைப்படம் எடுப்பவர்கள் வீட்டில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மின்சார உலர்பெட்டி வைத்திருப்பார்கள். என்னிடமும் ஒன்று உண்டு. அதை 40 முதல் 45 விழுக்காட்டில் வைத்து, கேமராவை மேல்தட்டுக்கு நகர்த்திவிட்டு, கீழ்தட்டில் வலைத்துணியில் விதைகளைப் பரப்பினேன். அதற்கு முன் கிளைக்கால் பிசுபிசுப்புப் போகும் வரை ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் விதை மேல் ஒரு படலம் நின்று எடையைக் குழப்பும். 200 விதைகளை ஒன்றாக நகைத் தராசில் நிறுத்து, ஊறுவதற்கு முன் இருந்த எடைக்கு வந்ததும் எடுத்துச் சிலிக்கா ஜெல்லோடு கண்ணாடிப் புட்டியில் மூடினேன். மிளகாய் விதை 200 என்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேலே வரும். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசுக்கு அது போதுமான அளவு.

விதையிலிருந்து முளைவேர் நுனி வரை

மிளகாய் விதை தட்டையானது, அதற்குள் கரு வளைந்து படுத்திருக்கும். முளைவேரின் நுனி விதையின் ஓரத்தில் உள்ள சிறு துளையைப் பார்த்தபடி இருக்கும். அதைச் சுற்றிக் கருவூண் திசு, நுனிக்கு எதிரே அது ஒரு மூடி போல அமைந்திருக்கும். இந்த மூடியை மறக்கக் கூடாது. வேர் வெளியே வர வேண்டுமானால் மூடியின் செல்சுவர்கள் நொதிகளால் இளக வேண்டும். ப்ரைமிங் நேரத்திலேயே மூடி இளகத் தொடங்கிவிட்டால், ஒரு செல்கூடப் பிரியாமலேயே வேர் சீக்கிரம் வெளியே வந்துவிட முடியும். வேர் முதலில் நீள்வதும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் செல்கள் நீர் குடித்து நீள்வதால்தான். அதனால் "சீக்கிரம் முளைத்தது" என்பதை வைத்து "உள்ளே பிரிவு நடந்தது" என்று முடிவுகட்ட முடியாது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

முழு விதையை நேராக நிலைப்படுத்தும் திரவத்தில் (செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்தும் திரவம்) போட்டால் பயனில்லை, தோலைத் தாண்டி உள்ளே போக நேரமாகும், அதற்குள் உட்கரு கெட்டுவிடும். விதையின் நெஞ்சை ஊசியால் பிடித்துக்கொண்டு, பிளேடு துண்டால் ஓரத்தை மெல்ல வகுந்து, கருவை மட்டும் வெளியே தள்ள வேண்டும். குறைந்த உருப்பெருக்கக் கண்ணாடிக்கு அடியில் இதைச் செய்யப் பழகக் கொஞ்சம் நாளாகும். எடுத்த கருவை உடனே மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் போட்டு 24 மணி நேரம். பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் குளிர்பெட்டியில் வைத்தால் வசதியான நாளில் எடுத்துக்கொள்ளலாம். விதைகள் எல்லாம் ஜி1 நிலையிலிருந்து (டிஎன்ஏவை இன்னும் இரட்டிக்காத நிலை) ஒன்றாகப் புறப்படுவதால் பிரிவும் முதலில் ஓர் அலையாக வரும். அதனால் எந்த மணியில் நிலைப்படுத்துகிறோம் என்பதைப் புட்டி ஒவ்வொன்றிலும் எழுதி வைப்பது அவசியம்.

சாயத்துக்கு ஃபாயில்கன் முறையைத் தேர்ந்தேன். அசிட்டோகார்மின் எளிது, பள்ளியில் வெங்காய வேருக்குப் போடுவது அதுதான். ஆனால் ஃபாயில்கன் சாயம் டிஎன்ஏவோடு மட்டுமே பிணையும், டிஎன்ஏ எவ்வளவோ அவ்வளவு நிறம். 1924-இல் வந்த முறை, இன்றும் இதற்கு ஈடாக மலிவான ஒன்று இல்லை. அமிலத்தில் டிஎன்ஏவின் பியூரின் மூலங்கள் கழன்று ஆல்டிஹைடு வெளிப்படும், நிறமற்ற ஷிஃப் திரவம் அதோடு சேர்ந்து கருஞ்சிவப்பாகும். பிரிவை எண்ண மட்டும் என்றால் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். நிறத்தின் அளவையும் அளக்க நினைத்ததால் 5 நார்மல் அமிலத்தில் 25 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். சூட்டில் நிறம் உச்சிக்குப் போய்ச் சட்டென்று இறங்கும், குளிரில் அந்த உச்சி அகலமாக நிற்கும், ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் கெடுதல் இல்லை. அடர்த்தியான அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஷிஃப் திரவம் கொஞ்சம் சிவந்திருந்தால் அது பழசு, பயன்படுத்தக் கூடாது. இருட்டில் ஒரு மணி நேரம் ஊறிய பிறகு, மெட்டாபைசல்ஃபைட்டும் அமிலமும் கலந்த நீரில் மூன்று முறை மாற்றி அலச வேண்டும். டிஎன்ஏவில் ஒட்டாத சாயம் அப்போதுதான் வெளியேறும்.

முளைக்காத கருவின் செல்கள் எண்ணெயும் புரதமும் அடைத்து இறுக்கமாக இருக்கும், வேரின் செல்கள் போல எளிதில் பிரிந்து பரவாது. பெக்டினேஸும் செல்லுலேஸும் கலந்த கரைசலில் சிறிது நேரம் வைத்துச் சுவரை இளக்கினால்தான் ஒற்றை அடுக்காகப் பரவும். நுனியில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, 45 விழுக்காடு அசிட்டிக் அமிலத் துளியில் வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, பென்சிலின் அழிப்பான் முனையால் தட்ட வேண்டும். பிறகு வடிதாளுக்குள் வைத்துக் கட்டைவிரலால் நேர்க்குத்தாக ஓர் அழுத்து. பக்கவாட்டில் அசைந்தால் உட்கருக்கள் உருண்டு கிழிந்துவிடும்.

எண்ணும் விதி

பிரிவுக் குறியீடு என்பது எளிய கணக்கு: பிரிந்துகொண்டிருக்கும் உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுத்து நூறால் பெருக்குவது. சிக்கல், எதைப் "பிரிகிறது" என்று எண்ணுவது என்பதில் இருக்கிறது. இடைநிலையின் (பிரிவு நடக்காத காலம்) முடிவிலிருந்து பிரிவின் முதல்நிலைக்குப் போகும் உட்கரு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். ஒருவர் முதல்நிலை என்பதை மற்றவர் இடைநிலை என்பார், குறியீடு பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும். நான் எழுதி ஒட்டிக்கொண்ட விதி: இழைகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்து, உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டையான நியூக்ளியோலஸின் வெளிர்வட்டம் மறைந்திருந்தால்தான் முதல்நிலை. சந்தேகம் வந்தால் இடைநிலை. முதல்நிலையைத் தனிப் பத்தியிலும் மற்ற மூன்று நிலைகளையும் இன்னொரு பத்தியிலும் எழுதினேன். இரண்டு பத்திகளும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

எந்தத் தகடு எந்தக் கூட்டம் என்று தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும். என் மகள் தகடுகளின் எண்களை மறைத்து வேறு எண்களை ஒட்டி, பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். எண்ணி முடித்த பிறகே கொடுத்தாள். படங்களாக எடுத்து இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒவ்வோர் உட்கருவையும் சொடுக்கி எண்ணினேன், ஒன்றை இருமுறை எண்ணும் பிரச்சினை இல்லை.

எவ்வளவு எண்ண வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு: 1000 உட்கருக்களில் 60 பிரிகின்றன என்றால் குறியீடு 6. தற்செயலால் மட்டும் அது 4.5-இலிருந்து 7.5 வரை எங்கும் இருக்கலாம். இரு கூட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வித்தியாசத்தைக் காட்டி முடிவு சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே வேர் நுனியின் ஆயிரம் செல்கள் ஆயிரம் தனிச் சான்றுகள் ஆகாது. அவை ஒரே விதையின் செல்கள், சேர்ந்து நடப்பவை. ஒரு விதை ஒரு எண். நுனிக்கு நுனி வேறுபாடு பெரிதாக இருப்பதால், ஒரு நுனியில் கூடுதலாக எண்ணுவதைவிடக் கூடுதல் நுனிகளைப் பார்ப்பதே மேல்.

மணியை விட்டு வேரின் நீளத்தைப் பார்ப்பது

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான். பெரும்பாலான ஒப்பீடுகளில் "நீரில் போட்டு 48 மணி நேரத்தில்" இரு கூட்டத்தையும் எடுத்துக் குறியீட்டை ஒப்பிடுவார்கள். ப்ரைமிங் செய்த விதை அந்த நேரத்தில் வேர் விட்டிருக்கும், செய்யாத விதை தூங்கிக்கொண்டிருக்கும். குறியீடு உயர்ந்தே வரும். ஆனால் அது சொல்வது "இது முன்னால் போய்விட்டது" என்பது மட்டுமே. முளைவேர் வந்து கொஞ்சம் வளர்ந்த எந்த விதையிலும் பிரிவு இருக்கத்தான் செய்யும்.

அதனால் ஒவ்வொரு விதையையும் மணி, நிலை இரண்டோடும் பதிந்தேன். தோல் மூடியிருப்பது, மூடி புடைத்திருப்பது, வேர் எட்டிப் பார்ப்பது, 2 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்று நிலைகள். பிறகு அதே தரவை இரண்டு வரைபடங்களாகப் போட்டேன். மணியைக் கிடையச்சாக வைத்த படத்தில் கூட்டங்கள் தெளிவாக விலகி நின்றன, கரைசலில் இருந்து வந்தவை முன்னே, வெறும் நீரில் ஊறியவை நடுவே, எதுவும் செய்யாதவை பின்னே. வேர் நீளத்தைக் கிடையச்சாக வைத்த படத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. 2 மில்லிமீட்டர் வேரில் ப்ரைமிங் செய்த விதைக்குத் தனியாக எந்தச் சிறப்பும் தெரியவில்லை. ஒரு பொட்டலம், ஒரு ரகம், என் ஒருவனுடைய எண்ணிக்கை என்ற எல்லைக்குள் சொல்கிறேன்: ப்ரைமிங் பிரிவின் வேகத்தைக் கூட்டவில்லை, பிரிவு தொடங்கும் நேரத்தை முன்னால் இழுத்தது.

கரைசலிலிருந்து எடுத்து நேராக நிலைப்படுத்திய, வேர் வராத கருக்களில் பிரியும் உட்கருவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பல நுனிகளில் ஒன்றுகூட இல்லை. இது மிளகாய், தக்காளி விதைகளில் மற்றவர்கள் பார்த்ததோடு பொருந்துகிறது. எல்லாச் செடிக்கும் இப்படி என்று சொல்ல முடியாது, அரபிடாப்சிஸில் வேர் வெளிவரும் முன்பே நுனியில் பிரிவு தொடங்குவதை 2005-இல் வந்த ஆய்வுகள் காட்டின.

இதற்குத் துணையாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிவுக் குறியீடு வேகம் அல்ல. பிரியும் காலமும் முழுச் சுழற்சியின் காலமும் ஒரே விகிதத்தில் நீண்டால் குறியீடு மாறவே மாறாது. வேகம் வேண்டுமென்றால் கால்ச்சிசின் போட்டுப் பிரிவை நடுநிலையில் நிறுத்தி, மணிக்கு மணி சேர்வதை எண்ண வேண்டும். அது கொடிய நஞ்சு. தோட்டத்து அக்காவின் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

பிரியவில்லை என்றால் என்ன நடக்கிறது

பிரியும் உட்கரு இல்லை என்றதும் "அப்ப ஒண்ணும் நடக்கல" என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. காய்ந்த மிளகாய் விதையின் வேர் நுனியில் உட்கருக்கள் பெரும்பாலும் 2சி அளவு (இரட்டிக்காத, வழக்கமான அளவு) டிஎன்ஏவோடு நிற்கின்றன. ப்ரைமிங் நேரத்தில் அவற்றில் ஒரு பகுதி டிஎன்ஏவை இரட்டித்து 4சி அளவுக்குப் போய், பிரியாமல் அங்கேயே நிற்கின்றன. வடம் பிடித்துவிட்டுத் தேர் நகரக் காத்திருப்பவர்கள் போல. நெதர்லாந்தில் பினோ குழு 1992-இல் தக்காளியிலும், லான்டேரி குழு 1993-இல் மிளகாயிலும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கொண்டு இதை அளந்தார்கள். கருவைப் பிளேடால் பொடியாக நறுக்கி, உட்கருக்களை வடிகட்டிச் சாயமேற்றி, ஒவ்வொன்றாக ஒளிக்கு முன்னால் ஓடவிடும் கருவி அது. அதில் கருவூண் திசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் 3சி, 6சி என்று வேறு முகடுகள் வரும், ஏனென்றால் கருவூண் மூன்று மடங்கு குரோமோசோம் கொண்டது.

எனக்கு அந்தக் கருவி இல்லை. ஆனால் ஃபாயில்கன் தகடு இருக்கிறது. நிறம் டிஎன்ஏவுக்கு விகிதமாக இருப்பதால், படத்தில் ஓர் உட்கரு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கூட்டினால் அதன் டிஎன்ஏ அளவு கிடைக்கும். இதற்குச் சில கண்டிப்புகள் தேவை. சாயம் அதிகம் விழுங்குவது பச்சை ஒளியை, எனவே விளக்கில் பச்சை வடிகட்டி. கேமராவின் தானியங்கி வெளிச்சமும் கூர்மையாக்கலும் அணைக்கப்பட்டு, பதப்படுத்தாத படமாகச் சேமிக்க வேண்டும். கைபேசி தானாக அழகுபடுத்தித் தரும் படத்தில் எண்களுக்குப் பொருள் கிடையாது. ஒவ்வொரு தகட்டிலும் வெறுமையான இடத்தை ஒரு படம் எடுத்து, அந்த ஒளியை உட்கருவின் ஒளியால் வகுத்து மடக்கை எடுத்து, புள்ளி புள்ளியாகக் கூட்ட வேண்டும். இமேஜ்ஜே இதையும் செய்யும்.

அளவுகோல் தகட்டிலேயே இருக்கிறது. வேர் வந்த நுனிகளில், கடைசிநிலையில் இப்போதுதான் இரண்டாகப் பிரிந்த உட்கருவின் ஒரு பாதி 2சி. முதல்நிலை உட்கரு 4சி. இரண்டையும் அளந்தேன், விகிதம் இரண்டுக்கு அருகில் வந்தால் முறை சரி. குறைந்து வந்தால் கண்ணாடியில் ஒளி சிதறுகிறது அல்லது நிறம் மிக அடர்ந்துவிட்டது என்று பொருள். நடுநிலைத் தகட்டை அளவுகோலாக எடுக்கக் கூடாது, குரோமோசோம்கள் அவ்வளவு செறிந்து நிற்பதால் அளவு குறைத்துக் காட்டும். அதே சாயத் தொகுதியில் ஒன்றாகப் போன தகடுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அளவுகோல் ஒழுங்கான பிறகு முளைக்காத கருக்களுக்குப் போனேன். எதுவும் செய்யாத விதையின் படத்தில் ஒரே கூம்பு, 2சி இடத்தில். கரைசலில் இருந்து வந்ததில் அதே கூம்புக்கு வலப்பக்கம் 4சி இடத்தில் இரண்டாவது மேடு, நடுவில் இரட்டித்துக்கொண்டிருப்பவை சிதறலாக. காய வைத்த பிறகும் அந்த மேடு அழியவில்லை. வெறும் நீரில் ஊறியதில் மேடு இருந்தும் இல்லாததும் விதைக்கு விதை மாறியது, எனக்கு அது உறுதியாக எதையும் சொல்லவில்லை.

அக்காவுக்குப் படத்தைக் கைபேசியில் காட்டி விளக்கினேன். "அப்ப பெருகல, பெருகறதுக்கு எல்லாம் எடுத்து வச்சிருக்குனு சொல்றீங்க" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். அடுத்து அவர் கேட்டது என் வேலையை இன்னும் நீட்டியது: "அப்படி எடுத்து வச்ச விதையை எத்தனை மாசம் வச்சிக்கலாம்?"

ப்ரைமிங்கின் விலை அங்கேதான் இருக்கிறது. இரட்டித்த டிஎன்ஏவோடு நிற்கும் செல் காய்தலையும் சூட்டையும் தாங்குவதில் 2சி செல்லுக்குப் பின்தங்குகிறது என்று கருதுகிறார்கள். ப்ரைமிங் செய்த விதைகளின் சேமிப்பு ஆயுள் குறைவது பல பயிர்களில் பார்க்கப்பட்ட ஒன்று. ஆயுளைக் கணிக்க ஹாரிங்டன் சொன்ன பழைய விதி இருக்கிறது: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். நம் அலமாரியில் 30 டிகிரியில் திறந்த பொட்டலமாக இருப்பதற்கும், குளிர்பெட்டியில் 5 டிகிரியில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய புட்டியில் இருப்பதற்கும் வெப்பத்தால் மட்டுமே ஐந்து இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. 2020-இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு அனுப்பிய விதைப் பொட்டலங்களைப் பலர் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ப்ரைமிங் செய்த விதைக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. செய்ததை அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுங்கள் என்று தோட்டத்தில் சொல்லிவருகிறேன்.

காய்தலுக்கும் உயிரணுச் சுழற்சிக்கும் உள்ள இந்தத் தொடர்பு நம் ஊர்க் காடுகளில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நிற்கும் அவிசீனியா போன்ற மரங்களின் விதை, மரத்திலிருந்து விழுந்ததுமே முளைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். ஓய்வு என்று ஒரு கட்டமே அதற்குக் கிடையாது, காய வைத்தால் இறந்துவிடும். பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) 2019-இல் திறந்த விதை வங்கி போன்ற இடங்களில் நம் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையைக் காய வைத்து உறைகுளிரில் சேமிப்பது கடினமாக இருப்பதும் இதே வகைக் காரணத்தால்தான். மிளகாய் விதை வரம் பெற்றது. நின்று காத்திருக்கத் தெரிந்தது. ப்ரைமிங் செய்யும்போது அந்த வரத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறோம் என்பது மனதில் இருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, எட்யூ என்று சுருக்கமாகச் சொல்லும் குறிப்பான். டிஎன்ஏ இரட்டிக்கும்போது தைமிடினுக்குப் பதிலாக இது உள்ளே போய் உட்காரும், பிறகு செம்பு வினையூக்கியோடு ஒளிரும் சாயத்தை அதில் மாட்டலாம். பழைய முறை போல டிஎன்ஏவைப் பிரித்துத் திறக்க வேண்டியதில்லை. நிலைப்படுத்தும் முன் கடைசி ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்தால், அந்த நேரத்தில் இரட்டித்துக்கொண்டிருந்த செல்கள் எவை என்று தெரியும். ஆனால் ஊறத் தொடங்கிய முதல் மணிகளில் விதை தன் டிஎன்ஏவில் சேர்ந்த சேதத்தைப் பழுதுபார்க்கிறது, மைட்டோகாண்ட்ரியாவும் தன் டிஎன்ஏவைப் புதுப்பிக்கிறது. அங்கேயும் குறிப்பான் உட்காரும். உட்கரு முழுவதும் பிரகாசமாக ஒளிர்வதை மட்டும் இரட்டிப்பு என்று எடுத்து, மங்கலான புள்ளிகளைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

இன்னொன்று, சேமித்த விதை. புட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குளிர்பெட்டியிலும் மறுபாதியை அலமாரியிலும் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் சில விதைகளை முளைக்க விட்டு, அதே நாளில் சில கருக்களை நிலைப்படுத்துகிறேன். 4சி மேடு உயரமாக இருந்த புட்டிகள்தான் முதலில் தளர்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். கத்திரிக்காய் விதைக்கும் இதே கரைசல், இதே 25 டிகிரி பொருந்துமா என்று அக்கா கேட்டிருக்கிறார். அதற்கும் குரோமோசோம் 24-தான், நுனியின் அமைப்பும் ஏறத்தாழ மிளகாய் போலவே. அவர் தந்த விதையில் ஒரு பிடி இப்போது கரைசலில் இருக்கிறது.